பத்து சிலிண்டர் எத்தனை நேரம் வரும்?

கேள்வி: கொங்குப் பகுதியில் 60 படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாக மேலாளர் நான். ஐ.சி.யூ.வில் 10 படுக்கை. வார்டில் 40 படுக்கைக்கு ஆக்ஸிஜன் பாயின்ட் உண்டு. மீதி பிரசவத்துக்கும் டே-கேருக்கும். ஆக்ஸிஜனுக்குப் பத்தும் பத்துமாக இரண்டு வரிசையில் 20 ஜம்போ சிலிண்டர் மாட்டிய மேனிஃபோல்டு (சிலிண்டர்களைப் பைப்லைனோடு இணைக்கும் அமைப்பு) இருக்கிறது. இன்னொரு பெருந்தொற்று வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று ஒரு ஆலோசகரிடம் திட்டம் கேட்டோம். 84 பக்க அறிக்கை தந்தார். 'மீள்திறன்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, மேலாண்மை ஆய்வுகளும் நிறைய மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. எங்கள் டாக்டர் (அவர்தான் உரிமையாளர்) புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ரெண்டு மாசத்துக்கு வாங்கி வெச்சிடுங்க, அது போதும்" என்கிறார். இதில் எது சரி? எங்கே தொடங்குவது?

பதில்: டாக்டர் சொல்வதில் கால்வாசி சரி. அறிக்கையில் அந்த அளவாவது தேறுமா என்பது, அதில் எங்காவது உங்கள் மேனிஃபோல்டின் கணக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இல்லையென்றால் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

2020க்குப் பிறகு இந்தத் துறையில் ஆய்வுக் கட்டுரைகள் மழையாகக் கொட்டின. அவற்றில் பல, தாக்குப்பிடித்த நிறுவனங்களிடம் படிவம் கொடுத்து "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டவை. இழுத்து மூடிய கடை படிவம் நிரப்பாது. அதனால் அவற்றின் முடிவுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு உதவக்கூடிய கருத்து அதற்கும் முந்தையது. எம்.ஐ.டி.யின் டேவிட் சிம்ச்சி-லெவியும் உடன் பணியாற்றியவர்களும் ஃபோர்டு கார் நிறுவனத்துக்காகச் செய்து 2014, 2015ல் வெளியிட்ட வேலை அது. ஒவ்வொரு சப்ளையருக்கும் இரண்டே எண்கள் கேட்டார்கள். அவர் படுத்துவிட்டால் திரும்ப எழுந்து பொருள் தர எத்தனை நாள் ஆகும்? அவர் இல்லாமல் நாம் எத்தனை நாள் ஓட்ட முடியும்? இரண்டாவது எண் முதல் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. பெரிய தொகைக்கு வாங்கும் பொருளில்தான் ஆபத்து அதிகம் என்று நினைப்போம். அவர்கள் கண்டதோ வேறு. ஆண்டுக்குச் சொற்பத் தொகைக்கு வாங்கும் சில சில்லறை உதிரிகள்தாம் தொழிற்சாலையையே நிறுத்தக்கூடியவையாக இருந்தன. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவும் இதே வழியில் யோசித்து, சிப் சப்ளையர்களிடம் சில மாத இருப்பு வைக்கச் சொன்னது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் கம்பெனிகள் சிப் இல்லாமல் உற்பத்தியைக் குறைத்தபோது, அது கொஞ்ச காலம் கூடுதலாகத் தாங்கியது.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். ஒரு கணக்கு நோட்டை எடுத்து, எது நின்றால் நோயாளிக்கு ஆபத்து என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் போடுங்கள். ஆக்ஸிஜன், என்-95, வென்டிலேட்டர் டியூபிங், டீசல், சலவை, உயிரி மருத்துவக் கழிவு வண்டி, சமையல், ஆட்கள் எல்லாமே அதில் வர வேண்டும். எழுதி முடித்ததும் ஒன்று தெரியும். மற்றதெல்லாம் நாள் கணக்கில் இருக்கும், ஆக்ஸிஜன் மட்டும் மணிக்கணக்கில் இருக்கும். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

மாநிலங்களின் தேவையைக் கணக்கிட மத்திய அரசு கோவிட் காலத்தில் வைத்திருந்த சூத்திரம் இது: ஐ.சி.யூ. படுக்கைக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர். மற்ற படுக்கைகளில் பாதிக்கு மட்டும் ஆக்ஸிஜன் தேவைப்படும் என்று வைத்து, அதற்கு 10 லிட்டர். உங்கள் மருத்துவமனைக்குப் போட்டால் ஐ.சி.யூ.வுக்கு 240, வார்டில் 20 படுக்கைக்கு 200, ஆக நிமிடத்துக்கு 440 லிட்டர். ஒரு ஜம்போ (டி டைப்) சிலிண்டரில் முழுதாக நிரப்பினால் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு. பத்து சிலிண்டர் 70,000 லிட்டர். 440ஆல் வகுத்தால் 159 நிமிடம், அதாவது 2 மணி 39 நிமிடம். இரண்டு வரிசையும் சேர்ந்து 5 மணி 18 நிமிடம். நாளுக்கு 91 சிலிண்டர்.

இது சராசரிக் கணக்கு. ஹை-ஃப்ளோ மூக்குக் குழாய் கருவி ஒன்று நிமிடத்துக்கு 50, 60 லிட்டர் வரை இழுக்கும். ஐ.சி.யூ.வில் ஆறு பேருக்கு அதைப் போட்டு ஆளுக்கு 50 லிட்டர் என்று வையுங்கள். ஐ.சி.யூ. மட்டும் 396 லிட்டர், மொத்தம் 596. இப்போது பத்து சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூட வராது. கடைசிச் சொட்டு வரை இழுக்கவும் முடியாது, அழுத்தம் குறைந்தால் ரெகுலேட்டர் ஒத்துழைக்காது. கருவி வாங்கித் தருகிறேன் என்று யாராவது நன்கொடையாளர் வந்தால் முதலில் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்த கேள்வி, எத்தனை சிலிண்டர் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது. மணிக்கு 3.8 சிலிண்டர் காலியாகிறது. வண்டி காலியை ஏற்றிப் போய், நிரப்பு நிலையத்தில் வரிசையில் நின்று, திரும்பி வந்து இறக்க 10 மணி நேரம் ஆகிறது என்றால், எப்போதும் 38 சிலிண்டர் வெளியில்தான் இருக்கும். மேனிஃபோல்டில் 20. வண்டி பழுதானாலும் அரை நாள் தாங்க 45. ஆகவே நூற்றுச்சொச்சம் வேண்டும். நெருக்கடியில் வரிசை நீண்டு போக்குவரத்து 20 மணி நேரமாகிவிட்டால், வெளியில் நிற்பது மட்டுமே 76. 2021 ஏப்ரல், மே மாதங்களில் பல ஊர்களில் நடந்தது இதுதான். நிரப்ப ஆக்ஸிஜன் இருந்த இடத்திலும் காலி சிலிண்டர் கைக்கு வந்து சேரவில்லை. சிலிண்டரின் தோளில் அடித்திருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (நீர் அழுத்தச் சோதனை) தேதியையும் பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் நிரப்பித் தரமாட்டார்கள். ஒரு மூலையில் துரு ஏறிக் கிடக்கும் உங்கள் 'கூடுதல்' சிலிண்டர்கள் அநேகமாக அந்த ரகமாகத்தான் இருக்கும்.

திரவ ஆக்ஸிஜன் டேங்க் வைத்தால் தொல்லை தீருமே என்று டாக்டர் கேட்பார். ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாகும். ஆகவே 1,000 லிட்டர் டேங்க், நாளுக்கு 634 கன மீட்டர் தேவைக்கு ஒன்றேகால் நாளுக்குச் சற்று மேல் வரும். நெருக்கடியில் பெரிய டேங்கர் உங்கள் சந்துக்குள் ஒரு கிலோ லிட்டருக்காக வளைந்து வராது. அதைவிடப் பெரிய டேங்க் என்றால் பெசோ (வெடிபொருள், அழுத்தக் கலன் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) உரிமம், சுற்றிலும் காலியிடம், லாரி திரும்ப வழி எல்லாம் வேண்டும். இன்னொரு சங்கதி வேப்பரைசர். திரவத்தை வாயுவாக்கும் அந்தத் துடுப்பு வைத்த குழாய்கள் ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் பனி மூடிவிடும். பனி மூடினால் வெப்பம் உள்ளே போகாது, அழுத்தம் இறங்கும். டேங்கில் பாதி திரவம் இருக்க, வார்டில் வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும். டேங்கின் கொள்ளளவைக் கேட்பவர்கள் வேப்பரைசர் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று கேட்பதில்லை. திரவ ஆக்ஸிஜன் அடைத்த டியூரா சிலிண்டருக்கும் இதே கதைதான்: உள்ளே இருபது ஜம்போவுக்கு ஈடான திரவம் இருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் எவ்வளவு தரும் என்பதற்கு எல்லை உண்டு. சப்ளையரிடம் எழுதி வாங்குங்கள்.

காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கும் பி.எஸ்.ஏ. பிளான்ட், உங்கள் அளவுக்கு நிமிடத்துக்கு 500 லிட்டர் தருவது, நியாயமான முதலீடு. ஆனால் கரன்ட் போனால் நின்றுவிடும். அதன் கம்ப்ரஸரையும் தாங்கும் ஜெனரேட்டர் வேண்டும். தூய்மை 93 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அனலைசரைத் தினமும் பார்த்து எழுத வேண்டும். கோவிட் போய்விட்டது என்று ஆறு மாதம் பூட்டி வைத்தால் உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் துகள்கள் ஈரம் வாங்கிக் கெடும். வாரத்தில் இரண்டு நாளாவது அதை ஓட்டி, சிலிண்டரை ஓய்வாக வைத்திருங்கள். மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தைப் பலரும் பாராட்டினார்கள். அங்கே முதல் அலை தணிந்த நேரத்திலேயே இந்த பிளான்ட்களை நிறுவத் தொடங்கிவிட்டார்கள், இரண்டாம் அலை வந்தபின் ஆர்டர் போடவில்லை. ஆர்டர் கொடுத்து, பொருத்தி, ஓட்டிப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும் பொருள் இது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல்கள் சொன்ன இலக்கு ரத்தத்தில் 92 முதல் 96 சதவீத ஆக்ஸிஜன் செறிவு (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு 88 முதல் 92). 99 காட்டினால்தான் உறவினருக்கு நிம்மதி என்பதால் ஃப்ளோமீட்டரைத் திறந்தே வைத்திருப்பார்கள். 20 பேருக்கு 10 லிட்டரிலிருந்து 6 லிட்டருக்குக் குறைக்க முடிந்தால் நிமிடத்துக்கு 80 லிட்டர் மிச்சம், நாளுக்கு 16 சிலிண்டர். நோயாளி சாப்பிடும்போதும் கழிவறைக்குப் போகும்போதும் மாஸ்க் தலையணையில் உஸ்ஸென்று ஊதிக்கொண்டு கிடக்கும். ஷிஃப்டுக்கு ஒரு செவிலியரை ஆக்ஸிஜனுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். இரண்டு மணிக்கொருமுறை ஒவ்வொரு படுக்கையாகச் சென்று செறிவையும் ஃப்ளோவையும் குறித்து, மருத்துவர் எழுதிய வரம்புக்குள் குறைப்பார். அவர் குறித்த ஃப்ளோக்களின் கூட்டுத்தொகையை சிலிண்டர் செலவோடு ஒப்பிட்டால் கசிவும் பிடிபடும். வித்தியாசம் பத்து, பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால் பாயின்ட்களில் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள்.

இனி ஆட்கள். அறிக்கைகளில் இதற்கு 'பணியாளர் நலன்' என்று ஒரு பத்தி இருக்கும். உண்மையில் படுக்கையைவிட முதலில் தீர்ந்து போவது செவிலியர்தான், அதற்கும் கணக்கு உண்டு. 24 மணி நேரமும் ஒருவர் நிற்க வேண்டிய ஓர் இடத்துக்குச் சாதாரண நாளில், மூன்று ஷிஃப்ட், வாரம் ஆறு நாள் வேலை என்றால், மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு சேர்த்தால் நாலரை. ஏழு நாள் பணி, ஏழு நாள் விலகி இருத்தல் என்ற முறைக்குப் போனால் பதினான்கு நாளில் 42 ஷிஃப்டை ஆளுக்கு ஏழாகப் பிரிக்க ஆறு பேர். கவச உடை போட்டு எட்டு மணி நேரம் நிற்க முடியாது, ஷிஃப்ட் ஆறு மணி நேரமாகும். அப்போது 56 ஷிஃப்ட், எட்டு பேர். நோயில் படுப்பவர்களை இன்னும் சேர்க்கவில்லை. ஐ.சி.யூ.வில் இரண்டு படுக்கைக்கு ஒருவர் என்று வைத்தாலும் ஐந்து இடம், 40 செவிலியர். உங்களிடம் ஐ.சி.யூ. தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் பதினைந்து, இருபது. எனவே உங்களால் ஓட்டக்கூடிய ஐ.சி.யூ. படுக்கை பத்து அல்ல, அதிகம் போனால் ஐந்து. பத்தையும் காட்டி நோயாளியை ஏற்றுக்கொள்வதுதான் தவறு தொடங்கும் இடம்.

இந்த இடைவெளியை இப்போதே குறைக்கலாம். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்களும் மயக்கவியல் உதவியாளர்களும் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகள் நிற்கும்போது சும்மா இருப்பார்கள். மாதத்துக்கு இரண்டு ஷிஃப்ட் அவர்களை ஐ.சி.யூ.வில் போட்டுப் பழக்குங்கள். அதோடு, ஒரே ஆள் மட்டும் தெரிந்து வைத்திருக்கும் வேலைகளைப் பட்டியலிடுங்கள். மேனிஃபோல்டு மாற்றுபவர், டயாலிசிஸ் டெக்னீஷியன், ஜெனரேட்டர் ஆபரேட்டர், இன்சூரன்ஸ் பில் போடும் பெண். இவர்களில் யார் பதினான்கு நாள் வராவிட்டால் எது நிற்கும்? ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் பழக வேண்டும். தங்குமிடத்தையும் மறக்காதீர்கள். 2020ல் வீட்டு உரிமையாளர்கள் செவிலியர்களைக் காலி செய்யச் சொன்ன ஊர்கள் உண்டு, பஸ் ஓடாத நாட்களும் உண்டு. பக்கத்து லாட்ஜ் ஒன்றோடு இப்போதே பேசி விலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: குழுக்களைப் பிரித்துவிட்டு எல்லோரையும் ஒரே சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தால் பிரித்ததற்குப் பொருளே இல்லை. நோயாளிக்கு முன்னால் மாஸ்க் போட்டிருப்பவர்கள் டிஃபன் டப்பாவுக்கு முன்னால்தான் கழற்றுகிறார்கள்.

டாக்டரின் 'ரெண்டு மாச ஸ்டாக்'குக்கு வருவோம். என்-95 மாஸ்க், கையுறை, வென்டிலேட்டர் டியூபிங், ஃபில்டர் ஆகியவற்றுக்கு அது சரி. ஆனால் வாங்கிக் குவித்துப் பூட்டாமல், தினசரி உபயோகத்தையே அந்த இருப்பிலிருந்து பழையது முதலில் என்று எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் மாஸ்க் எலாஸ்டிக் கையோடு வந்துவிடும். தட்டுப்பாடு முற்றினால், ஆளுக்கு ஐந்து மாஸ்க் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகப் போட்டு, காகித உறையில் பெயரும் தேதியும் எழுதித் தொங்கவிட்டு, ஆறாம் நாள் முதலாவதற்குத் திரும்பும் முறை உண்டு. ஒன்றை ஐந்து தடவைக்கு மேல் போடக் கூடாது. 80 பேருக்கு 400 மாஸ்க் 25 நாள் வரும். நனைந்தது, அழுக்கானது, முகத்தில் பொருந்தாதது எதையும் இதில் சேர்க்காதீர்கள். நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடும் நேரத்தில் புதியதுதான்.

மருந்தில் அந்த யோசனை செல்லாது, ஏனென்றால் அடுத்த நோய்க்கு எது மருந்து என்று இப்போது யாருக்கும் தெரியாது. 2020 ஜூனில் உயிர் காப்பதாக நிரூபணமானது டெக்ஸாமெத்தசோன், சில ரூபாய் மருந்து. மக்கள் வரிசையில் நின்றதோ ரெம்டெசிவிருக்கு. அதை நோயாளிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் ஆலோசனை சொன்ன பிறகும், 2021ல் வரிசை நின்றது.

பீதியில் எல்லோரும் மூன்று மடங்கு ஆர்டர் போடுவார்கள், சப்ளையர் பங்கிட்டுத் தருவார், அதைப் பார்த்து ஆர்டர் ஆறு மடங்காகும், பிறகு ஒரே நாளில் ரத்தாகும். இந்த ஆட்டத்தை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஹாவ் லீயும் அவர் கூட்டாளிகளும் 1997லேயே எழுதிவிட்டார்கள். பங்கிடும்போது பழைய வாடிக்கையாளருக்கு முதலிடம் கிடைக்கும். எனவே மாதம் இவ்வளவு என்று நிலையான ஆர்டர் கொடுத்து வையுங்கள். 'எங்களுக்கு இரண்டு சப்ளையர் உண்டு' என்று திருப்திப்படுவதற்கு முன் அவர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். இருவரும் ஒரே ஸ்டாக்கிஸ்டிடம் எடுத்தால் உங்களுக்கு இருப்பது ஒரு சப்ளையர்தான். கவச உடை வாங்கும்போது துணியைத் தடவிப் பார்க்காதீர்கள், தையலைப் பாருங்கள். 2020ல் திருப்பூர் உள்ளிட்ட ஊர்கள் கவச உடைக்கு மாறியபோது முட்டுக்கட்டையாக நின்றது துணி மட்டும் அல்ல. தையல் துளைகளை அடைக்கும் டேப்பும், அதை ஒட்டும் சூடான காற்று மெஷினும் கிடைக்கவில்லை. கோவையில் உள்ள சிட்ரா என்ற ஜவுளி ஆய்வு நிறுவனத்தில் செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதித்துச் சான்று தந்தார்கள். அந்த மாதிரிச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

படுக்கைக்கு ஒரு பெருக்கல் போதும். நாளுக்கு 8 பேர் சேர்ந்து, ஆளுக்கு 9 நாள் இருந்தால் 72 படுக்கை நிரம்பும், உங்களிடம் 60தான். 7 நாளில் அனுப்ப முடிந்தால் 56. ஆக்ஸிஜன் தேவை தீர்ந்தவர்களை அனுப்ப ஒரு மண்டபமோ விடுதியோ இருந்தால் அந்த இரண்டு நாளைக் குறைக்கலாம். 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் படுக்கை இல்லாத நாட்கள் வரத் தொடங்கும், 90ஐத் தாண்டினால் அது வாடிக்கையாகும் என்பது 1999ல் பிரிட்டனில் கணித்துச் சொன்னது. உங்களுக்கு 51 என்பதே முழுக் கொள்ளளவு, அந்த 56கூட அதைத் தாண்டியதுதான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. அறுவைச் சிகிச்சை வருமானம் முதல் வாரத்திலேயே நிற்கும். அரசு கட்டண வரம்பு போடும் (2020 ஜூனில் தமிழகத்தில் ஐ.சி.யூ.வுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் என்று போட்டார்கள்). இன்சூரன்ஸ் தொகை தாமதமாக வரும். இரண்டு மாதச் சம்பளத்துக்கு வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) வரம்பை இப்போதே, கணக்கு நன்றாக இருக்கும் காலத்தில், வாங்கி வையுங்கள்.

இவ்வளவையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்த எண்ணைத் தொட்டால் யார் என்ன செய்வார் என்று வரி வரியாக. 'ஐ.சி.யூ.வில் செவிலியர் தாங்கும் படுக்கையில் 70 சதவீதம் நிரம்பினால் தள்ளிப்போடக்கூடிய அறுவைச் சிகிச்சைகள் நிறுத்தம், முடிவு செய்பவர்: பணியில் உள்ள மூத்த மருத்துவர்.' 'நிரம்பிய சிலிண்டர் 45க்குக் கீழே வந்தால் புதிய ஆக்ஸிஜன் நோயாளி சேர்க்கை நிறுத்தம், முடிவு செய்பவர்: மேலாளர்.' டாக்டரின் கையெழுத்து அதில் இப்போதே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவரே நோயாளியாகப் படுத்திருக்கலாம். எப்போது பழைய நிலைக்குத் திரும்புவது என்பதற்கும் ஒரு எண் போடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தியது நிறுத்தியபடியே கிடக்கும்.

தாள் தயாரானதும், முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருப்பவர்களை மேனிஃபோல்டு அறைக்கு வரச் சொல்லுங்கள். பைப்லைனைத் தொட வேண்டாம், ஓய்வில் இருக்கும் வரிசையிலேயே செய்யலாம். அறைச் சாவி யாரிடம், ஸ்பேனர் எங்கே, மாற்று வாஷர் இருக்கிறதா, கையில் எண்ணெய்ப் பசை இல்லாமல்தான் வால்வைத் தொட வேண்டும் என்பது தெரியுமா, பத்து சிலிண்டரைக் கழற்றி மாட்டிக் கசிவு பார்க்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 40 நிமிடத்தைத் தாண்டினால், ஹை-ஃப்ளோ ஓடும் நாளில் அந்த ஷிஃப்டுக்கு இரண்டு ஆள் வேண்டும்.